தண்ணிதான் குடிச்சேன்

பொடிசு உள்ளே நுழைந்தபோது அண்ணி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு துணியை அடைத்திருந்தாள். மேலே உட்கார்ந்து அழுத்தினால்தான் ஜிப் நகரும்.

"வாங்க டாக்டர். நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உங்க அண்ணன் உள்ள இருக்கார். ஒப்படைச்சிட்டுக் கிளம்பலாம்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்."

கோபம் தலைக்கேறினால்தான் அண்ணிக்கு அவள் 'டாக்டர்'. மற்ற நாளெல்லாம் பொடிசுதான். நாற்பது வயது தாண்டி, பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ வார்டு ஒன்றையே நடத்துகிறவள் என்றாலும், வீட்டில் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை.

காலையில் வந்த ஒரு ஃபோன்தான் இந்தப் பெட்டி வரைக்கும் கொண்டு வந்துவிட்டிருந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், மெஷின் ரூமில் வேலை. ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சுவரோடு பேசிக்கொண்டிருந்தாராம். எழுந்து நடந்தால் தள்ளாட்டமாம். "உங்க வீட்டுக்காரர் காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்திருக்காரும்மா. இந்த நிலைமையில கீழ விழுந்திருந்தா யார் பதில் சொல்றது? வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார் சூப்பர்வைசர். அண்ணி டாக்ஸி பிடித்துப் போய் அழைத்து வந்தாள். வழி நெடுக அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு திறந்தாள்.

இரண்டு வருடமாக அண்ணன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. "இன்னொரு தடவை குடிச்சீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று அவர் குடியை விட்ட அன்றைக்கே அண்ணி சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

"அண்ணன் என்ன சொல்றார் அண்ணி?"

"என்ன சொல்வார்? டாக்ஸிக்காரன் கேக்கறான், 'சார் தண்ணி போட்டிருக்காரா?'ன்னு. இவர் ரொம்ப மரியாதையா, 'ஆமாப்பா, தண்ணிதான் குடிச்சேன்'ங்கறார். அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே... கதவைத் திறந்து குதிச்சிடலாம் போல இருந்துது எனக்கு."

பொடிசுக்கும் கோபம் வந்தது. அண்ணனைக் குடியிலிருந்து மீட்க அலைந்தவர்களில் அவளும் ஒருத்தி. செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குள் போனாள்.

அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் மட்டும் ஷூ. இன்னொரு ஷூ மடியில்.

"எவ்வளவு குடிச்சே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரென்று அடையாளம் பிடிக்கச் சற்று நேரமானது.

"பொடிசு. கதவைத் திறக்காதே. நாலாவது மாடில நிக்குது. உள்ள ஆள் இருக்காங்க."

"எவ்வளவு குடிச்சேன்னு கேட்டேன்."

"தண்ணி..." என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பொடிசு குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். வாந்தியின் புளித்த வாடை. சாராய நெடி இல்லை. இல்லாவிட்டால் என்ன? வாசனை தெரியாமல் குடிக்கும் வித்தைகளில் அண்ணன் ஒரு காலத்தில் கரை கண்டவர். அவள் மனம் இறங்கவில்லை.

ஆனால் கை பழக்கதோஷத்தில் பைக்குள் போனது. விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தாள், சரியாக இருந்தது. பிரஷரும் ஏறக்குறைய சரி. "ரெண்டு கையையும் நீட்டு" என்றாள். சொன்னது உறைக்க நேரமானாலும் இரண்டு கையும் ஒரே மட்டத்தில் நின்றன. வாய் கோணவில்லை. பக்கவாதம் இல்லை. காய்ச்சலும் இல்லை.

பின்னே ஏன் இப்படி? போதையில் இருப்பவன் பேச்சு வழுக்கிக்கொண்டு ஓடும். இவருக்கோ ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"தலை வலிக்குதா அண்ணா?"

"உடையுது."

"அண்ணி!" பொடிசு குரல் கொடுத்தாள். "தலைவலின்னு எப்பலேர்ந்து சொல்றார்?"

அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள். "மூணு நாலு நாளா. வாந்தி வேற. ராத்திரி கெண்டைக்கால் இழுக்குதுன்னு எழுந்து உக்காந்துக்கறார். அப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்ல இது என்ன வியாதியா? குடிகாரன் காலைல வாந்தி எடுக்கறது எனக்குப் புதுசா?"

மடியிலிருந்த ஷூ தரையில் விழுந்தது.

இருவரும் திரும்பினார்கள். அண்ணனின் தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. அடுத்த நொடி உடம்பு முழுக்க விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"ஐயோ!" அண்ணி சமையலறைக்கு ஓடிப்போய்க் கரண்டியோடு வந்தாள்.

"வாயில எதையும் வைக்காதீங்க! பல்லு உடைஞ்சு தொண்டைக்குள்ள போயிடும்." பொடிசு அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. என் ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க."

அண்ணி ஃபோனை எடுத்தாள். மூன்று முறை தப்பான எண்ணை அழுத்தினாள்.

இழுப்பு தானாகவே அடங்கியது. அண்ணன் குறட்டை போல் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பெட்டி பாதி ஜிப்போடு ஹாலிலேயே கிடக்க, அண்ணனை ஏற்றிக்கொண்டு இருவரும் ஆம்புலன்ஸில் கிளம்பினார்கள்.

---

எமர்ஜென்சி வார்டின் கதவைத் தள்ளியதும் பொடிசின் கை தானாகக் கையுறைப் பெட்டியை நோக்கிப் போனது. டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதுக்காரி, பொடிசிடம் பாடம் கேட்டவள்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னிக்கு நீங்க பேஷன்ட்டோட தங்கச்சி. கொஞ்சம் பின்னாடி நில்லுங்க."

பொடிசு பின்னால் நகர்ந்தாள். வேறு யாராவது இப்படி நின்று தலையிட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"இருந்துது," என்றாள் அண்ணி.

"இன்னிக்குக் குடிச்சாரா?"

அண்ணி பொடிசைப் பார்த்தாள். பொடிசு அண்ணியைப் பார்த்தாள்.

"தெரியல," என்றார்கள் இருவரும்.

"குடிச்சிட்டு நிறுத்தினாலும் இப்படி ஃபிட்ஸ் வரும். ஆனா அதுதான்னு முடிவு கட்டிட வேண்டாம். சிஸ்டர், ரத்தத்துல ஆல்கஹால் அளவு, சோடியம், பொட்டாசியம், கிட்னி எல்லாம் அனுப்புங்க. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்." அண்ணியிடம் திரும்பினாள். "தினமும் என்ன மாத்திரை சாப்பிடறார்?"

"பிரஷர் மாத்திரை ஒண்ணு. ரெண்டு வாரமாத்தான்."

"என்ன மாத்திரை?"

"அதை இவளைத்தான் கேக்கணும். இவதான் எழுதிக் கொடுத்தா."

பொடிசுக்கு உடனே புரிந்தது. சிறுநீரில் உப்பை வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. நாள்தோறும் எத்தனையோ பேருக்கு எழுதுகிற சாதாரண மாத்திரை. சிலருக்கு மட்டும், ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள், ரத்தத்தில் உப்பை மளமளவென்று இறக்கிவிடும்.

"நீர் மாத்திரை," என்றாள். "பத்து நாள் கழிச்சு ரத்தம் பார்க்கச் சொன்னேன்."

"பார்த்தாங்களா மேடம்?"

பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வார்டு வழியாக வந்த பேஷன்ட்டாக இருந்தால் சிஸ்டர் ஃபோன் போட்டு வரவழைத்திருப்பாள். இது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், காப்பி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தது.

டியூட்டி டாக்டர் அதில் நிற்கவில்லை. "சாப்பாட்டுல உப்பு எப்படி?"

"உப்பே கிடையாது," என்றாள் அண்ணி. "பிரஷருக்கு ஆகாதுன்னு இவ சொன்னதும் சுத்தமா நிறுத்திட்டேன். வாயில வைக்க விளங்கலைன்னாலும் பேசாம சாப்பிட்டுக்கிட்டிருந்தார்."

"தண்ணி எவ்வளவு குடிப்பார்? நான் கேக்கறது பச்சைத் தண்ணி."

"அதுக்கு அளவே இல்ல. கூடவே ஒரு பெரிய பாட்டில் வச்சிருப்பார். குடியை விட்டப்ப மறுவாழ்வு மையத்துல சொல்லிக் கொடுத்தாங்களாம், ஆசை வந்தா உடனே ஒரு கிளாஸ் தண்ணி குடின்னு. இந்த நாலு நாளா தலைவலின்னு இன்னும் அதிகம். சூட்டுக்குத்தான் வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணிதான்..."

அண்ணி சட்டென்று நிறுத்தினாள். டாக்ஸியில் அவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஸ்கேனில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்று முதலில் வந்தது. பின்னாலேயே ரத்தப் பரிசோதனை.

"ஆல்கஹால் பூஜ்யம்," என்றாள் டியூட்டி டாக்டர். "சோடியம் நூத்தி ஒன்பது."

நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாதது அது.

"செறிவான உப்பு டிரிப்ஸ். கொஞ்சமா, பத்து நிமிஷத்துல. ஃபிட்ஸ் திரும்ப வராத அளவுக்கு ஏத்திட்டு நிறுத்திடுவோம். மேடம், நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"இல்ல. சரியாத்தான் செய்யறே."

---

வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசி இரண்டில் உட்கார்ந்தார்கள்.

"அப்ப அவர் குடிக்கலையா?"

"சொட்டுக்கூட இல்ல அண்ணி."

"பின்ன என்னதான் வந்துது?"

"ரத்தத்துல உப்பு இறங்கிப் போச்சு. அப்படி இறங்கினா மூளைக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு வீங்கும். அதுதான் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், உளறல், கடைசியா ஃபிட்ஸ். பார்க்கறவங்களுக்குக் குடிச்ச மாதிரியேதான் தெரியும்."

"உப்பு ஏன் இறங்குச்சு? நான் உப்பில்லாம சமைச்சதாலயா?"

பொடிசுக்கு ஒரு நொடி தப்பித்துக்கொள்ளத் தோன்றியது. ஆமாம், அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் பொய்யில்லை. தண்ணீரும் ஒரு காரணம்தான்.

"அதெல்லாம் கொஞ்சம்தான் அண்ணி. முக்கியமான காரணம் நான் கொடுத்த மாத்திரை. கொடுத்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எடுத்தாச்சான்னு நான் கேட்கவே இல்ல."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று பொடிசு காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"நான் அவரை என்னென்ன சொன்னேன் தெரியுமா பொடிசு? 'நீங்க செத்தாலாவது நிம்மதியா இருப்பேன்'னு சொன்னேன். அவர் பாவம், ஷூவைக் கழட்டத் தெரியாம உக்காந்திருந்தார்."

"அண்ணி..."

"மாத்திரை விஷயம் விடு. உலகத்துல இல்லாததா? ஆனா நீயும் நம்பலையே! நான் பொண்டாட்டி. பட்டுப் பட்டு நொந்தவ. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. நீ டாக்டர்தானே? வந்ததும் வராததுமா அவர் வாயை மோந்து பார்த்தியே. நான் ஹால்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."



அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "இன்னொண்ணும் செஞ்சு தொலைச்சிட்டேன். பாப்பாவுக்கு ஃபோன் பண்ணி, 'உங்கப்பா மறுபடி ஆரம்பிச்சிட்டார், நான் வீட்டை விட்டுப் போறேன்'னு சொல்லிட்டேன். 'இனிமே அவர் பேச்சை என்கிட்ட எடுக்காதே'ன்னு வச்சிட்டா. இப்ப கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறா."

பாப்பா அவர்களின் ஒரே மகள். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி கட்டடக்கலை படிக்கிறாள். அப்பா குடித்த காலத்தில் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தவள், இந்த இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் மறந்திருப்பாள் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். எல்லாம் ஞாபகம் இருந்தது.

---

அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில் மேல் விழுந்தது. உப்பு ஏற்றியதும் எண் நூற்றுப் பதினான்குக்கு வந்திருந்தது. கை காலை அசைத்தார். கூப்பிட்டால் 'ம்' என்றார். அண்ணிக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

பொடிசுக்குத் திரும்பவில்லை. அவள் பார்வை கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையின் மேல் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் சிஸ்டர் காலி செய்தாள். மறுபடி நிறைந்துகொண்டிருந்தது. மஞ்சள் நிறமே இல்லாமல், பளிங்கு மாதிரி.

அவள் எழுவதற்குள் டியூட்டி டாக்டரே வேகமாக உள்ளே வந்தாள். "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம். ரத்தம் அனுப்பியாச்சு. இப்பத்தான் வந்துது. நூத்தி இருபது."

"பதினொண்ணு ஏறியிருக்கு. இன்னும் ஒரு நாள்கூட ஆகல."

"ஆமா."

அண்ணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏறினா நல்லதுதானே? இறங்கினதுதானே வியாதி?"

"மெதுவா ஏறணும் அண்ணி," என்றாள் பொடிசு. "நாலு நாளா உப்பு குறைஞ்ச ரத்தத்துக்கு மூளை தன்னை ஒரு மாதிரி பழக்கிக்கிட்டிருக்கும். அதைத் திடீர்னு திருப்பினா தாங்காது. நரம்பு மேல இருக்கற உறை கெட்டுப் போகும். பேச்சு போகலாம். முழுங்க முடியாம போகலாம். குடிச்சுப் பழகின உடம்புக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரையை நிறுத்தினதும் தேங்கியிருந்த தண்ணியெல்லாம் கொட்டுது. அதான் இவ்வளவு வேகமா ஏறுது."

"இப்ப என்ன செய்வீங்க?"

"சிறுநீரை நிறுத்த ஒரு ஊசி," என்றாள் டியூட்டி டாக்டர், பேசிக்கொண்டே மருந்தை உறிஞ்சியபடி. "கூடவே உப்பில்லாத டிரிப்ஸ். போன தண்ணியில கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கறோம்."

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. டிரிப்ஸ் இறங்கியது. அண்ணி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையில் சொட்டுவது மெல்ல மெல்லக் குறைவதைப் பொடிசு குனிந்து குனிந்து பார்த்தாள். வார்டில் எத்தனையோ பேரின் சொந்தக்காரர்கள் அவளை வழிமறித்து, "இன்னும் எவ்வளவு நேரம் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார்கள். நடந்துகொண்டே பதில் சொல்லியிருக்கிறாள்.

"பொடிசு..."

அண்ணன் கண் திறந்திருந்தார். பார்வை தெளிவாக இருந்தது. சுற்றிலும் ஓடும் மெஷின்களைப் பார்த்தார். கையில் ஏறும் குழாயைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவளை வெளிய அனுப்பு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அண்ணி இருக்கட்டும். கேளு."

அவர் தயங்கினார். "எவ்வளவு குடிச்சேன்?"

பொடிசு கட்டிலருகே குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. காலைல பஸ்ல ஏறினது தெரியும். அதுக்கப்புறம் இருட்டு. முன்னாடியெல்லாம் இப்படித்தானே இருக்கும்? கடை எங்க இருந்துது, யார் வாங்கிக் கொடுத்தாங்கன்னு யோசிச்சுப் பார்க்கறேன், ஒண்ணும் வரல. ரெண்டு வருஷம் கட்டிக் காப்பாத்தினதை ஒரே நாள்ல விட்டுட்டேனே..." கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க அவரால் கையைத் தூக்க முடியவில்லை. "அவகிட்ட சொல்லு. மன்னிக்கணும்னு கேக்கல. போறதுன்னா போகட்டும்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, என்னைப் பாரு. நீ குடிக்கல. ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு. நான் கொடுத்த பிரஷர் மாத்திரை உனக்கு ஒத்துக்கல. உப்பு இறங்கி மூளையைப் பிடிச்சிருச்சு. அதை நான் கவனிச்சிருக்கணும். கவனிக்கல. தப்பு என்னோடது."

மாத்திரையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"நிஜமாவா? நான் குடிக்கலையா?"

"நிஜமா."

அவர் சிரித்தார். அழுகையும் சேர்ந்து வந்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணி ஓடிவந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "மேடம், புது ரிப்போர்ட். நூத்திப் பதினெட்டு. இறங்க ஆரம்பிச்சிருச்சு."

டியூட்டி டாக்டர் முதல்முறையாக உட்கார்ந்தாள். அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாப்பா நிற்பதைப் பொடிசு கவனித்தாள். தோளில் பயணப் பை. பஸ்ஸில் வந்த புழுதி முகம். வீட்டுக்குப் போய், பக்கத்து ஃபிளாட்டில் விசாரித்து இங்கே வந்திருக்க வேண்டும்.

உள்ளே வந்தவள் கட்டிலின் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ எதுக்கும்மா இங்க நிக்கறே? கிளம்பறேன்னுதானே சொன்னே? வா, உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"பாப்பா," என்றார் அண்ணன். "நான் குடிக்கலம்மா."

"இதைத்தான் எப்பவும் சொல்வீங்க."

"இல்லடி, நிஜமாவே அவர் குடிக்கல," என்றாள் அண்ணி.

"நீயும் இதைத்தான் எப்பவும் சொல்வே. ஸ்கூல்ல கேட்டப்ப சொன்னே. பக்கத்து வீட்டுல கேட்டப்ப சொன்னே. உடம்பு சரியில்லன்னு சொல்வே, பிரஷர்னு சொல்வே."



பொடிசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பாப்பா, உங்கப்பா குடிக்கல. இவர் இங்க படுத்திருக்கறதுக்குக் காரணம் நான். நான் ஒரு மாத்திரை கொடுத்தேன். அதுக்கப்புறம் பார்க்க வேண்டியதைப் பார்க்காம விட்டுட்டேன். இன்னிக்கு ஃபிட்ஸ் வர்ற வரைக்கும் நானும் குடின்னுதான் நினைச்சேன்."

பாப்பா அத்தையைப் பார்த்தாள். கையில் ஏறும் குழாயைப் பார்த்தாள். கடைசியாக, கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தாள்.

பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அப்பாவுக்குச் சரியாயிடுமா அத்தை?"

உப்பு ஏறின வேகத்தில் மூளைக்குள் என்ன நடந்ததென்று இனிமேல்தான் தெரியும். கெடுதல் இருந்தால் நாலைந்து நாள் போக்குக் காட்டிவிட்டுத்தான் தலைகாட்டும். இன்று தெளிவாகப் பேசுகிறவர் அன்றும் பேசுவாரா என்பது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. 'ஆயிடும்' என்று சொல்லத்தான் எல்லார் முகமும் அவளைக் கெஞ்சியது.

"அதை இன்னிக்கு என்னால சொல்ல முடியாது பாப்பா," என்றாள் பொடிசு.